கோவளத்தில் கடலோர வீடு: முன்பணம் கொடுப்பதற்கு முன்

நீங்கள் கேட்டிருப்பது இது: பணி ஓய்வு பெற்ற தம்பதி நீங்கள். கோயம்புத்தூர் வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடியேற விரும்புகிறீர்கள். கோவளம் அருகே, கடலிலிருந்து 150 மீட்டரில், 2013இல் கட்டிய தனி வீடு ஒன்று மனத்துக்குப் பிடித்துவிட்டது. பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் சரியாக இருப்பதாகத் தரகர் சொல்கிறார். இரண்டு வாரத்தில் முன்பணம் வேண்டும் என்கிறார்கள். வாங்கலாமா?

இரண்டு வாரத்தில் வாங்கக் கூடாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த வீட்டையே வாங்க மாட்டேன். நான் கட்டடப் பொறியாளர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஈஞ்சம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். கடலோரத்தில் வாழ்வதைப் போன்ற இன்பம் வேறில்லை என்று மனதார நம்புகிறவன். அந்த இன்பம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும், வாழ்நாள் சேமிப்பும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 150 மீட்டர். வீட்டின் விலையை ஏற்றியிருப்பது அந்த எண்தான். வீட்டைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியதும் அதே எண்தான். கடலோரக் கட்டுமானங்களுக்கு 1991 முதல் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறது. 2011இல் அதைத் திருத்தினார்கள், 2019இல் மறுபடி மாற்றினார்கள். உங்கள் வீடு 2013இல் கட்டியது என்பதால் 2011ஆம் ஆண்டு விதிதான் அதற்குப் பொருந்தும். அந்த விதிப்படி, நகரமாக வளராத ஊர்ப்புறக் கடற்கரை மூன்றாம் வகையில் வருகிறது. அங்கே உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் மிக உயர ஏறும்போது கரையில் தொடும் எல்லை அது) 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டக் கூடாது. அனுமதி பெற்று ஏற்கெனவே இருந்த கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், பழைய அளவுக்குள் திருப்பிக் கட்டலாம். உள்ளூர் மீனவர்களின் குடியிருப்புக்கும் சில விலக்குகள் உண்டு. வெளியூரிலிருந்து வந்து மனை வாங்கி வீடு கட்டியவருக்கு அந்த விலக்கு கிடையாது. உத்தண்டி வரைதான் சென்னை மாநகராட்சி. அதைத் தாண்டிய கோவளம் போன்ற ஊர்களில் அந்த மனை எந்த வகையில் விழுகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தரகர் இங்கே ஒரு பதில் வைத்திருப்பார்: "இப்போது 50 மீட்டர்தான் சார், விதி மாறிவிட்டது." அது பாதி உண்மை. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை மூன்றாம் வகையை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்குத்தான் 50 மீட்டர். மற்ற ஊர்களுக்கு அதே 200 மீட்டர் நீடிக்கிறது. அந்தச் சலுகையும், புதிய விதிப்படி தயாரித்த கடலோர மண்டல வரைபடம் முறையாக ஒப்புதல் பெற்ற பிறகுதான் நடைமுறைக்கு வரும். அனுமதி இல்லாமல் 2013இல் எழுந்த கட்டடம், விதி தளர்ந்தவுடன் தானாகச் சட்டப்படியானதாக மாறிவிடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 150 மீட்டர் என்பதை எங்கிருந்து அளந்தார்கள்? இன்று அலை தொடும் இடத்திலிருந்து அளந்தால் அது சட்டத்தின் அளவு ஆகாது. உயர் அலைக் கோட்டைக் குறித்துக் கொடுக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. புல எண்ணை எடுத்துக்கொண்டு, தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வரைபடத்தில் அந்த மனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்குக் கடலோர மண்டல அனுமதி வாங்கியிருந்தால் அதன் நகலைக் கேளுங்கள். விற்பவர் "அதெல்லாம் அப்போது யாரும் கேட்கவில்லை" என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கடல் மட்டுமல்ல, அலை ஏறி இறங்கும் உப்பங்கழிக்கும் இந்த அறிவிக்கை பொருந்தும், தூர அளவுதான் வேறு. முட்டுக்காடு கழிமுகத்தைப் பார்த்த வீடு என்று வேறொன்றைக் காட்டினாலும் இந்தக் கேள்வியை விடாதீர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கொச்சி அருகே மரடு. கடலோர மண்டல விதியை மீறியவை என்று அங்கிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்க 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே வீடு வாங்கியவர்களிடமும் பத்திரம் இருந்தது, வங்கிக் கடன் இருந்தது, வரி ரசீது இருந்தது. இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். பெட்டி படுக்கையோடு வெளியேறிய முதியவர்களின் முகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்திர விஷயத்துக்கு வருகிறேன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோர நிலத்துக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. கோயில் நிலம், கழுவெளிப் (சதுப்பு நிலப்) புறம்போக்கு, மணல்மேட்டுப் புறம்போக்கு, பஞ்சமி நிலம் எல்லாம் பட்டா நிலத்தோடு பின்னிக் கிடக்கின்றன. பஞ்சமி நிலம் என்பது 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம். அதை வேறு பிரிவினர் வாங்கினால் செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. சட்டத்தை விட்டாலும், அந்த மக்களிடமிருந்து பறிபோன நிலத்தில் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றில் இது தெரியாது. ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் 'ஏ' பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்க்க வேண்டும். புலப்பட நகலை வாங்கி, உரிமம் பெற்ற நில அளவையரை வைத்து மனையை அளக்க வேண்டும். அளக்கும்போது கடல் பக்கத்து வேலியைக் குறிப்பாகப் பாருங்கள். இந்தச் சாலையில் பல வீடுகளின் தோட்டம் பத்திரத்தில் உள்ளதைவிடக் கிழக்கே பத்து, இருபது அடி நீண்டிருக்கும். அந்த மணல் உங்களுடையது ஆகாது. வலை காயப்போடவும் படகு ஏற்றவும் குப்பத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய இடமாக அது இருக்கலாம். அதற்கும் சேர்த்து விலை வாங்கிக்கொண்டு விற்பவர் போய்விடுவார். வழக்கு உங்கள் பேரில் நடக்கும்.

வில்லங்கம் முப்பது ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள். தாய்ப் பத்திரங்களின் அசலைக் கையில் வாங்கிப் படியுங்கள். மனைப்பிரிவு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் பெற்றதா, இல்லாவிட்டால் 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனை என்று வரன்முறைப்படுத்தினார்களா என்று பாருங்கள். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட வரைபடம் மட்டும் இருந்தால் அது போதாது. இந்தப் பகுதியில் உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதும், உறவினர் பொது அதிகார ஆவணத்தை வைத்துக்கொண்டு விற்பதும் சாதாரணம். அப்படியானால் அதிகாரம் கொடுத்தவரோடு நீங்களே நேரில், முடியாவிட்டால் காணொளியில் பேசுங்கள். அவர் உயிரோடு இருப்பதற்கான சான்றைக் கேளுங்கள். வரிப் பிடித்தமும் மாறும். உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் விலையில் வாங்கினால் 1 சதவீதம் பிடித்துக் கட்டுவீர்கள். வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் பல மடங்கு, கட்டத் தவறினால் பொறுப்பு உங்களுடையது. தணிக்கையாளரை முன்கூட்டியே பாருங்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று விலைக்கு மேல் 9 சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இனி என் தொழில் சார்ந்த விஷயம். இதில்தான் நான் சொந்தமாக அடிபட்டிருக்கிறேன். ஈஞ்சம்பாக்கத்தில் நான் வீடு கட்டியபோது வெளியூர் வேலையில் இருந்தேன். கான்கிரீட் கலவைக்கு மனையிலிருந்த உவர்நீரையே ஒப்பந்தக்காரர் ஊற்றியிருக்கிறார். எட்டாவது ஆண்டில் சமையலறை ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடு ஒரு மழை இரவில் விழுந்தது. காலையில் வழக்கமாக என் மனைவி துணி துவைக்கும் இடம் அது. இதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

நடப்பது இதுதான். கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பிக்கு ஒரு காப்புப் படலத்தைக் கொடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஓட்டை போட்டுவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே கான்கிரீட் உள்ளிருந்து பிளந்து அடுக்கடுக்காக உதிரும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கடலோரச் சூழலைக் 'கடுமையான' நிலை என்றே வகைப்படுத்துகிறது. அங்கே குறைந்தது எம்30 தரக் கான்கிரீட் (எண் கூடினால் வலிமை கூடும்) வேண்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடுகனம் வேண்டும் என்கிறது. அலைத்தூறல் நேரடியாகப் படும் இடத்தில் எம்35, 50 மில்லிமீட்டர். கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் தனி வீடுகளை எம்20 தரத்தில், 20, 25 மில்லிமீட்டர் மூடுகனத்தில் கட்டி முடித்துவிடுகிறார்கள். கோயம்புத்தூரில் அந்த வீடு உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும். கோவளத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கம்பி வெளியே தெரியும்.

புதிதாக வெள்ளையடித்த பழைய வீட்டைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். சன்ஷேடின் அடிப்பக்கம், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், மேல்நிலைத் தொட்டியின் அடிப்பாகம், மாடிப்படியின் கீழ்ப்பக்கம் ஆகிய நான்கு இடங்களையும் பாருங்கள். மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டினால் நல்ல கான்கிரீட் 'டங்' என்று ஒலிக்கும். உள்ளே பிரிந்திருந்தால் காலிப் பானை போல் ஒலிக்கும். கம்பி ஓடும் திசையில் நேர்கோடாக விரிசலோ பழுப்புக் கறையோ தெரிந்தால் துரு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதற்குப் பிறகும் வீடு பிடித்திருந்தால், ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அமர்த்தி மூடுகன அளவீடு, அரைமின்கல மின்னழுத்தச் சோதனை (உள்ளே கம்பி துருப்பிடிக்கிறதா என்று காட்டுவது), குளோரைடு சோதனை மூன்றையும் செய்யச் சொல்லுங்கள். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. விற்பவர் சோதனைக்கு மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குப் போதுமான சோதனை முடிவு.

வீட்டிலுள்ள மற்ற இரும்புக்கும் இதே கதிதான். ஏசியின் வெளிப்பெட்டி எங்கள் தெருவில் நாலைந்து ஆண்டுக்கு மேல் தாங்குவதில்லை. சாதாரண 304 வகை எவர்சில்வர் கைப்பிடிகூடக் கறை பிடிக்கும். 316 வகைதான் நிற்கும். ஜன்னலுக்கு யு.பி.வி.சி. அல்லது நல்ல மரம் போதும். காற்றிலுள்ள உப்பு கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே வேகமாகக் குறைந்துவிடுகிறது. இடையில் சவுக்கு, புன்னை, பூவரசு இருந்தால் இன்னும் குறையும். கடலைப் பார்த்த முதல் வரிசைக்கும் மூன்றாவது வரிசைக்கும் பராமரிப்புச் செலவில் உள்ள வேறுபாடு எங்கள் தெருவிலேயே கண்கூடாகத் தெரியும்.

தண்ணீருக்கு வருவோம். கடற்கரை மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு வில்லை போல, அதைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். மறுபக்கத்தையும் யோசியுங்கள்: பக்கத்து விடுதி மோட்டார் போட்டு உறிஞ்சி அந்த ஓர் அடியைக் குறைத்தால், கீழிருந்து நாற்பது அடி உப்புநீர் மேலேறும். அதனால்தான் இங்கே ஆழ்துளைக் கிணறு ஆழப் போகப் போகக் கெடுதல். ஆழமில்லாத உறைக்கிணறும், அதில் இறங்கும் மொட்டைமாடி மழைநீரும்தான் எங்கள் தெருவைக் காப்பாற்றுகின்றன. நீங்கள் வீடு பார்த்தது ஜனவரியில் என்றால் கிணற்று நீர் இளநீராக இருந்திருக்கும். மே மாதம் மறுபடி போய் நாக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு சிறு கருவியால் கரைந்த உப்பின் அளவையும் பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தரம். கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, உங்களுடையதும் பக்கத்து வீட்டினுடையதும் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்க மறக்காதீர்கள். மணலில் எதுவும் தங்கி நிற்காது, ஊறிக் கிணற்றுக்கு வந்துவிடும்.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் ஓடுகிறது, 2024இல் இரண்டாவது நிலையமும் வந்துவிட்டது என்று தரகர் சொல்லக்கூடும். உண்மைதான். நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் ஒன்று, 15 கோடி லிட்டர் மற்றொன்று. ஆனால் அவை சென்னை நகரத்துக்காகக் கட்டியவை. நிலையம் அருகில் இருக்கிறது என்பதற்காக உங்கள் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டதாக எண்ணாதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, கோடையில் வாரத்துக்கு எத்தனை லாரி தண்ணீர் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

புயலைப் பற்றி உங்களுக்கே தெரியும். 2012 அக்டோபர் 31இல் நீலம், 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் இரண்டுமே மாமல்லபுரம் அருகேதான் கரையேறின. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறியபோது, மணல்மேடு உயரமாக நின்ற இடங்களில் நீர் தடுக்கப்பட்டது. கழிமுகங்கள் வழியாகவும், பார்வைக்காக மேட்டை வெட்டிய இடங்கள் வழியாகவும் உள்ளே பாய்ந்தது. அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மேடு உங்கள் வீட்டுக்கு முன் இருக்கிறதா, யாராவது அதைச் சமன் செய்து புல்வெளி போட்டிருக்கிறார்களா? புல்வெளி கண்ட இடத்தில் வாங்காதீர்கள்.

கடலரிப்பில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம் கரையில் மணல் ஆற்றைப் போல நகர்கிறது; ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக. இடையில் துறைமுகமோ கல்தடுப்போ வந்தால் அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். புதுச்சேரி துறைமுகத்துக்கு வடக்கேயும், சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரையும் நடந்தது அதுதான். எனவே மனைக்கு முன்னால் உள்ள கரையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தெற்கே இரண்டு, மூன்று கிலோமீட்டர் நடந்து, கடலுக்குள் கல் நீட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம், "ஐயா, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எதுவரை வரும்? உங்கள் சிறுவயதில் கரை எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். அவர் கைநீட்டிக் காட்டும் இடம் எந்த அலுவலக வரைபடத்தைவிடவும் உங்களுக்குப் பயன்படும்.

அந்தப் பெரியவர்தான் நாளை உங்கள் அண்டை வீட்டார் என்பதையும் மனத்தில் வையுங்கள். விடியற்காலை மீன் ஏலச் சத்தமும் கருவாட்டு வாசமும் பிடிக்காதவர்கள் இங்கே வரக் கூடாது. கடற்கரைக்குப் போகும் பாதையை மறித்துச் சுவர் எழுப்பிய வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்த வீட்டார் எவரோடும் ஒட்ட முடியாமல் தவிக்கிறார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போய்ச் செத்துவிடும் என்பதால், கடல் பக்க விளக்குகளை நாங்கள் இரவில் அணைத்துவிடுவோம். வீட்டிலேயே விளக்கு அமைப்பைத் திட்டமிட்டால் இது ஒரு தொல்லையே அல்ல.

உங்கள் வயதில் இன்னொன்றும் முக்கியம். சாலையை ஒட்டிய பல வீடுகள் வார இறுதிக்கு மட்டும் திறப்பவை. செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு அந்தத் தெருவில் எத்தனை விளக்கு எரிகிறது என்று பாருங்கள். ஞாயிறு மாலை நெரிசலில் ஆம்புலன்ஸ் மருத்துவமனை சேர எவ்வளவு நேரமாகும் என்று ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள்.

என் யோசனை இதுதான். கோயம்புத்தூர் வீட்டை இப்போது விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். அந்த வாடகையில் நீலாங்கரைக்கும் உத்தண்டிக்கும் இடையில் ஒரு வீடு எடுத்து, ஓர் ஐப்பசி அடைமழையும் ஒரு சித்திரை வெயிலும் கழியும்வரை இருங்கள். மே மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வலுத்த நாட்களில் கடற்காற்று பிற்பகல்வரை வராது. புழுக்கம் எப்படி இருக்கும் என்று உங்கள் உடம்புக்கே தெரியட்டும். பிறகு வாங்குங்கள். கரையிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால், மணல் மேடான தெருவில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தாழ்வைத் தவிர்த்து, தென்கிழக்கே பெரிய ஜன்னல் வைக்க இடமுள்ள வீடாகப் பாருங்கள். மாலையில் எட்டு நிமிடம் நடந்தால் கடல். அந்த நடைக்கு எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை, கம்பியும் அவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்காது. வாங்கியதும் புயல், வெள்ளம், சுனாமி மூன்றுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் இவை அடங்கும்.

கோவளம் வீட்டை இன்னமும் மனம் விடவில்லை என்றால், தரகரிடம் நாளைக்கே புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும், 2013ஆம் ஆண்டுக் கட்டட அனுமதியின் நகலையும், கடலோர மண்டல அனுமதியின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். கைக்கு வந்தால் இங்கேயே எழுதுங்கள். வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம், டோக்கன் என்று எந்தப் பெயரிலும் எதையும் கொடுக்காதீர்கள்.